ஏழாம் வார்டின் சாயங்கால அறிவிப்பு

சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் ஏழாம் வார்டில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். டிவியில் தொற்றைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள், கோடு போட்டுக் காட்டுவார்கள், நாட்டுக் கணக்கு, உலகக் கணக்கு எல்லாம் வரும். நம் தெருக் குழாயில் நாளைக்குத் தண்ணீர் வருமா, மூலைக்கடை திறக்குமா, பின்தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்று டிவிக்காரனுக்கு என்ன தெரியும்? அதைச் சொல்ல இந்த வார்டுக்கு என்று ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஜெராக்ஸ் அம்மா.

கவுன்சிலர் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பதவிக்கு வருவதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கடை வாசலில் சாக்கடை நிரம்பி வழிந்தபோது வாரா வாரம் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்று உயிரை வாங்கினார். "இவ்வளவு பேசுறீங்களே, நீங்களே கவுன்சிலரா நின்னுடுங்களேன்" என்று அங்கே ஒரு பெரிய மனுஷன் கிண்டலடித்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் பாவம். அம்மா நின்றார், ஜெயித்தார். அந்தச் சாக்கடை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, அது வேறு கதை.

ஜெயித்ததில் பாதிப் பெருமை அவர் வீட்டுக்காரரைச் சேரும். அவருக்கு மைக்செட் தொழில். கல்யாணமோ கூட்டமோ, எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். தேர்தல் சமயத்தில் மனைவி தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படிக் கத்துற? நீ பேசு போதும், கத்துறதுக்குத்தான் அது இருக்கு" என்று மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா மைக்கில் கத்தியதே இல்லை.

தொற்று வந்தது. கல்யாணங்கள் நின்றன. ஸ்பீக்கர்கள் எல்லாம் வந்து முன் அறையில் கூரை வரை அடுக்கிக்கொண்டன. சும்மா உட்கார அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஒரு வேனைப் பிடித்து, மேலே கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, "ஏறுங்க கவுன்சிலரே, ஜனங்களுக்கு சேதி சொல்லணும்" என்று கேலியாகச் சொன்னார். தினமும் முதலில் அவர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார். ஜன்னல்களில் இருந்து பிள்ளைகள், "கேக்குது மாமா!" என்று கத்தும். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு அன்றன்றைக்கு அது ஒன்றுதான் வேடிக்கை. அப்புறம் அம்மா பேசுவார். தண்ணீர், குப்பை வண்டி, கடை நேரம், புதிதாக யாருக்கு வந்திருக்கிறது, யார் குணமாகி வீட்டுக்கு வந்தார்கள் என்று வரிசையாக வரும். கடைசியில், தேவைப்பட்ட நாட்களில் மட்டும், "இன்னைக்கு நம்ம வார்டுல ஒருத்தர் தவறிட்டார். குடும்பத்துக்குச் சொல்லியாச்சு" என்பார்.

பேர் சொல்ல மாட்டார். குடும்பத்துக்குச் சொல்லாமல் மைக்கில் சொல்லவும் மாட்டார். அது வீட்டுக்காரர் வகுத்த சட்டம். "ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி வீட்டுக்குத் தெரியணும். ஸ்பீக்கர்ல கேட்டா தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் உறவுக்காரர்களை விடவில்லை. தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் மட்டும் கேட்டார்கள். இந்த வார்டில் பாதிப் போன் அணைந்து கிடக்கும், மீதிப் போனைப் பேரன் விளையாட எடுத்துப் போயிருப்பான். "எல்லாருக்கும் என் நம்பரையே போட்டுக்குங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து வார்டின் சாவெல்லாம் முதலில் அவர் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் எப்போதும் கூப்பிடுவாள். இருவரும் முகம் பார்த்ததில்லை. "எந்தத் தெரு?" என்று அம்மா கேட்பார். அத்தனை பேரையும் வண்டி ஏற்றியது அவர்தான், தெருவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். "சரி, குடும்பத்துக்கு நான் சொல்லிடறேன்" என்று வைத்துவிடுவார். அடுத்த அழைப்பு அதற்குள் வந்து நிற்கும்.

பிறகு நடந்தே போவார். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். "உக்காருங்க" என்பார். "வீட்ல கூட யாரு இருக்கா?" என்று கேட்பார். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொல்வார். போகும்போது போனைச் சத்தமில்லாமல் அமுக்கிப் பைக்குள் போட்டுவிடுவார். ஒருமுறை ஒரு தாயிடம் மகன் போனதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் பைக்குள்ளிருந்து குத்துப்பாட்டு அலறியது. அந்தத் தாய் பார்த்த பார்வையை அவர் செத்தாலும் மறக்க மாட்டார்.

ஆரம்பத்தில் அவர்களோடு சேர்ந்து அழுதார். போகப் போக அழுகை நின்றது. ஒருநாள் அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்து, கை கழுவி, தட்டு நிறையச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பயம் வந்தது.

"எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதுங்க. நான் என்ன கல்லாயிட்டேனா?"

வீட்டுக்காரர் ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கல்லுன்னா இந்தக் கேள்வியே கேக்காதும்மா. மரத்துப் போயிருக்கு, அவ்வளவுதான். தானா வரும்" என்றார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரருக்கே காய்ச்சல். அதே நாளில் எதிர்வீட்டு டெய்லருக்கும் மூச்சு இழுத்தது. ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். டெய்லரின் மனைவி தெருமுனை வரை வண்டி பின்னாலேயே ஓடினாள். அம்மா ஓடவில்லை. டிரைவருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கதவு சாத்துவதற்குள் தலையை நீட்டி, "பேட்டரிய மறக்காம சார்ஜ் போடு" என்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஆம்புலன்ஸில் இருந்து சொல்லும் பேச்சா அது!

அவர் திரும்பி வந்தால் போதும். அதற்கு மேல் அம்மாவுக்கு எந்த வேண்டுதலும் இல்லை. மகள் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தாள், வர வழியில்லை. அம்மா அவர் படுக்கையைத் துவைத்துப் போட்டார். பேட்டரியைச் சார்ஜ் போட்டார். வேன் டிரைவரை வைத்துக்கொண்டு சாயங்கால அறிவிப்பைத் தானே நடத்தினார். மைக்கைத் தட்டிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை, நேராகத் தண்ணீர் விஷயத்தில் ஆரம்பித்துவிடுவார்.

காலையில் நர்ஸ் சேதி சொல்வாள். "உங்க சார் பரவாயில்ல மேடம். நேத்து ஆக்ஸிஜன் மாஸ்க்க கையில புடிச்சுக்கிட்டு ஹலோ ஹலோ கேக்குதாங்கறார், வார்டே சிரிச்சுது. அந்த டெய்லருக்குத்தான் ஆக்ஸிஜன் இறங்கிக்கிட்டே போகுது."

அம்மா பகலில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க மட்டும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. நர்ஸ்தான். எப்போதும் படபடவென்று பேசுகிறவள் அன்றைக்கு இழுத்தாள்.

"மேடம்..."

"எந்தத் தெரு?"

"உங்க தெருதான் மேடம்."

டெய்லர் போய்விட்டார் என்று அம்மா நினைத்தார். போனில் இன்னொரு அழைப்பு காத்திருந்தது.

"சரி, குடும்பத்துக்கு நான் சொல்லிடறேன்."

"மேடம், ஒரு நிமி..."

வைத்துவிட்டார். வழக்கப்படி போனை அமுக்கிப் பைக்குள் போட்டார். மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். இத்தனை பக்கத்தில் அவர் இதுவரை சாவு சொல்லப் போனதில்லை.

டெய்லரின் மனைவி உள்ளே மிஷினில் உட்கார்ந்து துணி மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து வந்தாள்.

"உக்காரு தங்கச்சி."

அவள் உட்காரவில்லை. வார்டில் எல்லோருக்கும் தெரியும், ஜெராக்ஸ் அம்மா உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று.

"வீட்ல கூட யாரு இருக்கா?"

"மாமியார் படுத்திருக்காங்க. வேணாங்க்கா. சொல்லாதீங்க."

சொன்னார். வேறென்ன செய்வது? அவள் அழவில்லை. மிஷின் பக்கம் திரும்பி, "ஒரு சட்டைக்கு இன்னும் காலரே வெக்கலையே, அவருதானே வெப்பாரு" என்றாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று அசைந்தது. நல்லவேளை, என் வீட்டுக்காரர் இல்லை. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவருக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி அதுதான். சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அந்த நிம்மதி போகவில்லை.

உடலை எடுத்துப் போக வண்டி சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தார். நர்ஸிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கூப்பிட்டார்.

"மேடம், நான் சொல்றதுக்குள்ள வெச்சுட்டீங்களே." அவள் அழுதுகொண்டிருந்தாள். "டெய்லர் இல்ல மேடம். டெய்லருக்கு இன்னைக்குப் பரவாயில்ல. காலையில நல்லாத்தான் மேடம் பேசிக்கிட்டிருந்தார் சார்... திடீர்னு..."

"சரி" என்றார் அம்மா. வாய்ப்பழக்கம், அடுத்ததும் தானாக வந்தது. "குடும்பத்துக்கு நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். போனைப் பைக்குள் வைத்தார்.

"தங்கச்சி, எந்திரி. உன் வீட்டுக்காரர் இருக்கார். இன்னைக்குப் பரவாயில்லையாம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"என்னக்கா வெளையாடுறீங்களா? இதுலயா தப்பாச் சொல்வாங்க? வயிறு எரியுதுக்கா! நீங்கள்லாம் ஒரு மனுஷியா? யாரோ செத்ததுக்கு என் வீட்டு வாசல்ல வந்து..."

கேட்டை உலுக்குவதை நிறுத்தினாள்.

"அப்ப யாருக்கா?"

அம்மா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். முன் ஜன்னலில் ஸ்பீக்கர்கள் கூரை வரை தெரிந்தன. கொடியில் வீட்டுக்காரர் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. டெய்லரின் மனைவியும் அதைத்தான் பார்த்தாள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய், டெய்லர் உட்காரும் முக்காலியைத் தூக்கி வந்து, கேட்டைத் திறந்து வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"உக்காருங்கக்கா."

அம்மா உட்கார்ந்தார்.

"வீட்ல கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

அவள் சொன்னாள். "அண்ணன் போயிட்டாருக்கா."

"ம்" என்றார் அம்மா. இத்தனை வீட்டு வாசல்களில் அவர் சொன்னதை ஒருத்தி அவருக்கே சொல்லிவிட்டாள். அழுகை வருமென்று காத்திருந்தார். வரவில்லை. டெய்லரின் மனைவிதான் அழுதாள், அவருக்கும் சேர்த்து.

சாயங்காலம் வேன் வந்தது. டிரைவருக்கு அதற்குள் சேதி தெரிந்திருந்தது. "இன்னைக்கு வேணாம்மா. ஒரு நாள் இல்லாட்டி குடியா முழுகிடும்?" என்றார்.

"ஜன்னல்ல நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா ஏறினார்.

பேட்டரி முழுசாக இருந்தது. மைக்கைக் கையில் எடுத்தார். பிறகு விரலால் தட்டினார்.

"ஹலோ, ஹலோ, கேக்குதா?"

ஜன்னல்களில் பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏதோ ஒரு மாடியிலிருந்து, விவரம் தெரியாத பிள்ளை ஒன்று, "கேக்குது! மாமா எங்க?" என்று கத்தியது. யாரோ அதன் வாயைப் பொத்துவது கேட்டது.

அம்மா மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். நாளைக் காலையில் குழாயில் தண்ணீர் வரும் என்றார். குப்பை வண்டி ஒரு நாள் தள்ளி வரும், மூலைக்கடை மத்தியானம் வரை திறந்திருக்கும் என்றார். பின்தெருவில் இருவர் குணமாகி வீடு வந்ததைச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இன்னைக்கு நம்ம வார்டுல ஒருத்தர் தவறிட்டார்" என்றார். வேன் தெருமுனை திரும்பும் வரை மைக்கில் வெறும் இரைச்சல்தான் வந்தது. அப்புறம் மீதியையும் சொன்னார்.

"குடும்பத்துக்குச் சொல்லியாச்சு."