மோட்டாரில் பூட்டிய ரேடியோ

முப்பதுகளின் கடைசியில், மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பித்த புதிதில், ஆம்பூரில் நடந்தது இது. என் கணவர் சின்னதாகத் தோல் மண்டி வைத்திருந்தார். அக்காவை வேலூரில் பெரிய தோல் ஏற்றுமதிக்காரருக்குக் கொடுத்திருந்தது.

தம்பி கல்யாணத்துக்கு அக்கா வீட்டுக்கார மச்சான் சீமையிலிருந்து இறக்கிய புது மோட்டாரில் வந்தார். ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே ரேடியோ பதித்த வண்டி. அவர் குமிழைத் திருப்பியதும் பாட்டு வந்தது. மாப்பிள்ளையை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. "பெரியவ ஊட்டு வண்டி" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நிறம் அவளுக்கு, பங்களா அவளுக்கு, இப்போது இதுவுமா?

வீடு திரும்பியும் மனசு ஆறவில்லை. எங்களிடமும் ஒரு பழைய மோட்டார் இருந்தது. வீட்டில் ரேடியோவும் இருந்தது. கரண்ட் இல்லாததால் அது மோட்டார் பாட்டரியில்தான் பாடும். ஒயர் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் நான்தான். அப்படியானால் வண்டியிலேயே ஏன் பாடாது?

"வண்டில ரெண்டு ஓட்டை போடணுங்க" என்றேன் கணவரிடம்.

"நாலு வேணாலும் போட்டுக்கோ. எஞ்சினை மட்டும் உட்டுடு" என்றார்.

முன் சீட்டுக்கு எதிரே பலகை அடித்தேன். குலுக்கலில் ரேடியோவின் கண்ணாடி வால்வுகள் உடையாமலிருக்க அடியில் பழைய டயர் துண்டு வைத்து, மண்டித் தோல் வாரால் இறுக்கினேன். ஏரியல் கம்பியைக் கூரைத் துணிக்குள் வைத்துத் தைத்தேன். எஞ்சின் ஓடும்போது வடை பொரிகிற சத்தம்தான் வந்தது. நிறுத்தினால் பாட்டு கணீரென்று கேட்டது. அது போதும் எனக்கு.

நேராக வேலூருக்குப் போனோம். அக்காவை ஏற்றிக்கொண்டு விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாயங்கால நேரம். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"நானே ஓட்டை போட்டு மாட்டினதுக்கா" என்று ரேடியோவைப் போட்டேன். அக்கா தயங்கித் தயங்கிக் குமிழைத் தொட்டாள். சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னாக்கா, உங்க வண்டில இல்லாததா?"

"அதுல என்னை எங்க ஏத்துறாங்க? அவரும் தோஸ்துங்களும்தான் போறாங்க. தம்பி கல்யாணத்துக்கே நான் ரயில்லதானே வந்தேன்."

நான் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். அவளே மெதுவாகச் சொன்னாள்: "உன்ன பாத்தா வயிறு எரியுதுடி. நீ ஓட்டை போட வண்டியவே குடுத்துட்டாரே உன் ஊட்டுக்காரரு."

அவளுக்கு எழ மனமில்லை. பாட்டரி இறங்கி ரேடியோ முனகும்வரை கேட்டோம். பிறகு வண்டி கிளம்பவில்லை. கணவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் இறங்கி, எஞ்சினுக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டு வியர்க்க வியர்க்கச் சுற்றினார். கடைசியில் எஞ்சின் உறுமியது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் நான் யார் யாரையோ பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அக்காவே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது அன்றைக்கு நடந்தும், அதில் துளிகூடச் சந்தோஷப்பட முடியாமல் போனதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.