அரம் தொடாத அலமாரி

நாற்பத்து மூன்று வயதில் அந்தத் தையல்காரிக்கு ஓர் ஆசை வந்தது: துணி வெட்டியது போதும், இனிப் பலகை வெட்ட வேண்டும். கொழுந்தனின் மரப்பட்டறையில் கணினி சொன்னபடி வெட்டும் சி.என்.சி. இயந்திரம் இருந்தது. வரைபடம் மட்டும் வெளியே கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு நாள் காத்துக்கிடந்தார்கள்.

"நான் வரையறேன் தம்பி."

"அண்ணி, இது ஜாக்கெட் இல்ல."

"அளவுன்னா எல்லாம் அளவுதானே?"

மூன்று மாதம் விடாப்பிடியாக, கணினியில் வரைபடம் போடும் 'கேட்' (CAD) மென்பொருள் கற்றாள். திரையில் கோடு இழுக்கும்போதெல்லாம் வலதுகால் தானாகத் தரையை மிதித்தது. இருபது வருடத் தையல் மிஷின் பழக்கம் லேசில் போகுமா? முதலில் வரைந்தது ஒரு மேசை இழுப்பறை. கைப்பழக்கத்தில் தையலுக்கு விடுவதுபோல் நாலு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டுவிட்டாள். இழுப்பறை மேசைக்குள் நுழைய மறுத்தது.

"பிரிச்சுத் தைச்சிடலாமா தங்கச்சி?" என்றார் வெட்டிய பலகைகளைப் பொருத்திப் பூட்டுகிறவர். பட்டறையே வயிறு வலிக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உள்ளுக்குள் கொதித்தது.

அந்தப் பூட்டுகிறவருக்குப் பட்டறையில் 'அரம்' என்று பெயர். பின்பாக்கெட்டில் எப்போதும் ஓர் அரம் இருக்கும். காரணம் உண்டு. இயந்திரத்தின் வெட்டுமுனை உருண்டை. அது வெட்டும் துளையின் மூலைகளும் உருண்டுவிடும். அடுத்த பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் சதுர நாக்கு அதில் இறங்காது. மூலை மூலையாக அவர் அராவியாக வேண்டும். ஓர் அலமாரிக்கு அரைநாள் போய்விடும்.

நூலகத்துக்குப் பத்து அலமாரி செய்ய ஆர்டர் வந்தது.

"முதல் அலமாரி அரம் படாம நின்னுச்சுன்னா கம்ப்யூட்டர் நாற்காலி உங்களுக்கு அண்ணி. இல்லன்னா இனிமே எப்பவும் வெளியிலதான் குடுப்பேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"நிக்கும் தம்பி."

வாய் சொல்லிவிட்டது. அந்த நாற்காலிமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. இரண்டு நாள் அந்த மூலையையே முறைத்தாள். மூன்றாம் நாள் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். ஜாக்கெட்டுக்குச் சதுரக் கழுத்து தைக்கும்போது என்ன செய்வாள்? திருப்புவதற்கு முன் மூலையில் கத்தரியால் ஒரு வெட்டு. அது இல்லாவிட்டால் மூலை சுருங்கிக்கொள்ளும். இங்கேயும் மூலைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதாதா? திரையில் ஒவ்வொரு துளையின் மூலையிலும் வெட்டுமுனையைவிட ஒரு மயிரிழை பெரிய வட்டம் போட்டாள். முனை மூலையைத் தாண்டிப் போய்த் திரும்பும், உருண்டை மிஞ்சாது.

மறுநாள் காலை பலகைகள் வெட்டுப்பட்டு வந்தன.

"என்ன தங்கச்சி, மூலையெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"மாட்டிப் பாருங்கண்ணே."

அரைமனதாக வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் அவர் கை பின்பாக்கெட்டுக்குப் போய்ச் சும்மா திரும்பியது. ஆறாவதோடு அலமாரி நின்றது. கொழுந்தன் பிடித்து உலுக்கிப் பார்த்தான், அசையவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினான்.

பூட்டுகிறவர் அரத்தை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இனிமே இதுக்கு ஓய்வுதான். ஒரு உறை தைச்சுக் குடும்மா."

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"துணி வேலைய விட்டாச்சுண்ணே. நீளம் சொல்லுங்க, பெட்டி வெட்டித் தரேன்."