பக்கத்து வீட்டு டிவியில் என் தம்பி

எண்பத்தாறாம் வருடம், தசரா விடுமுறை. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் இன்னொரு வீடு. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தம்பி பி.யூ.சி.யில் ஃபெயிலானான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை.

2. துபாயிலிருந்து வந்த மாமா, டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள் என்பதால் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். சாயங்காலமாவது எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும் என்று ஆசை.

3. தம்பியும் தங்கையும் விளையாட உட்கார்ந்ததுமே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். தினமும் இப்படித்தான்.

4. “என் மூஞ்சியைப் பாக்கவே அவருக்குப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு, பெங்களூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் சேரப் பையைக் கட்டிவிட்டான் தம்பி. வயது பதினேழு.

மறுநாள் காலை பஸ். “கடைசியா ஒரு ஆட்டம்ண்ணா” என்று தங்கை அவனை இழுத்து உட்கார வைத்தாள். நான் அப்பாவிடம் சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர்கள் டிவியில் எங்கள் வீட்டு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இப்ப ஆடறது சின்னவ. அவசரக்குடுக்கை. அவன் ஆட்டம் வரட்டும், நிதானமா நிப்பான் பாருங்க.”

பக்கத்து வீட்டு மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். “வாம்மா. நியூஸ்கூடப் பாக்க விடமாட்டேங்கறார் உங்கப்பா.”

இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆண்டெனா. ஒயரைப் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். கேம் பெட்டியை மாட்டும்போது அந்த ஒயரைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். எங்கள் படம் அதன் வழியாக இவர்கள் டிவிக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா ஏதோ ஒருநாள் சேனலைத் திருப்பும்போது கண்டுபிடித்திருக்கிறார்.

“நாளைக்கே சரி பண்ணிடறேன் மாமா” என்றேன்.

“விடும்மா, ஒண்ணும் பண்ணாதே! அப்புறம் இவர் எங்க போவார்?”

“அப்பா, தம்பி நாளைக்குப் பெங்களூர் கிளம்பறான். பை கட்டியாச்சு.”

அப்பா தம்பியின் ஆட்டம் முடியும்வரை பார்த்தார். எழுந்து செருப்புப் போடாமலே வீட்டுக்கு நடந்தார். தம்பியின் பின்னால் போய் நின்றார்.

“ஏன்டா, அந்த மூணாவது பிளேன் வரும்போது இருந்த இடத்துலயே நின்னுருக்கலாமில்ல? எதுக்கு வலது பக்கம் போன?”

தம்பி திரும்பவே இல்லை. கழுத்து மட்டும் சிவந்தது. “நீங்க… எப்படிப்பா பாத்தீங்க?”

“தள்ளி உக்காரு” என்று அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பி பெங்களூர் போகவில்லை. மறுபடி எழுதியும் ஒரு பாடம் பாக்கி நின்றது. அப்பாவும் அவனும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்த விளையாட்டைப் பற்றித்தான். ஆனால் அப்பா தினமும் எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்பது தெரியாமலே அவன் பஸ் ஏறியிருப்பான் என்று நினைத்தால், எனக்கு இன்றும் திக்கென்கிறது.