குமிழி வராத குழாய்

கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஆராய்ச்சி செய்கிறேன். சூடான வாயுக் கலவையிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் பீங்கான் குழாயை, எஃகுக் குழாயோடு கசியாமல் ஒட்ட வேண்டும். கண்ணாடிப் பொடியை உலையில் உருக்கித்தான் ஒட்டுவேன். ஆறும்போது கண்ணாடியோடு பீங்கானும் விரிசல் விட்டுவிடும். என் கடைசிக் குழாயும் அப்படியே போனது.

ஆய்வையே விட்டுவிடலாம் என்று பையை எடுத்தேன். எங்கள் ஆய்வகத்திலேயே அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்த ஸ்டெல்லா, தன்னிடமிருந்த ஒரே குழாயை நீட்டினாள்.

"அப்ப ஒனக்கு?"

"ஒன் பொடி விரிசல் விடுது, என் பொடி ஒழுகி ஓடுது. ரெண்டையும் கலந்து பாப்போம்டி."

மறுநாள், ஒட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி வாயுவைச் செலுத்தினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அன்று கீரனூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. தனியாக ஜெயித்திருந்தால் இவ்வளவு சிரித்திருப்பேனா, தெரியவில்லை.