வண்டுக்கு அடியில் ஒரு பெயர்

என் கையெழுத்தைக் கண்டால் எனக்கே பயம். மோசமான கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். நகத்தளவு காகிதத்தில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர் மூன்றையும் கறுப்பு மையில் அடக்கிவிடுவேன். அந்த ஒரு வித்தையை நம்பித்தான், தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பூச்சி அருங்காட்சியகத்தில் என்னை லேபிள் எழுத வைத்தார்கள். உதவியாளர், தற்காலிகம். வீட்டில் என் மனைவி வைத்த பெயர் வேறு: "சாணி அள்ளப் போறவரு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த ஓர் அம்மா சாணி வண்டுகளை ஆராய்ந்தார். பவானிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தொண்டாமுத்தூரில் யானை புகுந்தது என்று சேதி வந்தால் போதும், நாங்கள் பக்கெட்டோடு போய் இறங்கிவிடுவோம். வாழை போன துக்கத்தில் நிற்கும் தோட்டக்காரரிடம் அவர் மெல்லக் கேட்பார்:

"ஏனுங்க, ராத்திரி வந்த ஆனை லத்தி எங்கீங்க கெடக்குது?"

தோட்டக்காரர் என்னைப் பார்ப்பார். "ஆபீசருங்க நீங்கதானுங்களா?"

நான் மீசையைத் தடவிக்கொள்வேன். "ஆமாங்க. இவங்க நமக்கு உதவிக்கு வந்திருக்காங்க."

"செரிங்க ஆபீசர்," என்பார் அந்த அம்மா. "கைய உள்ள உட்டு அந்தக் கொம்பு வண்ட எடுங்க பாக்கலாம்."

வால்பாறைக்கும் போவோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு கையில் வண்டுப் பெட்டியைப் பிடித்தபடி மறு கையால் எனக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவார். வண்டு ஒன்று கிடைத்தால் அங்கேயே பென்சிலால் துண்டுச் சீட்டு எழுதிவிடுவார்: இடம், தேதி, தன் பெயர். அந்தச் சீட்டுதான் அந்த வண்டுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

நிலையத்துக்கு வந்ததும் என் வேலை. வண்டை ஊசியில் குத்தி, அழகான லேபிள் எழுதி மாட்ட வேண்டும். "பிடித்தவர்" என்ற இடத்தில் பிரிவுத் தலைவரின் பெயரை எழுதுவது அங்கே வழக்கம். அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்திலும் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பென்சில் சீட்டு என் லேபிளுக்குக் கீழே அதே ஊசியில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் அந்தக் கசங்கிய சீட்டு துருத்திக்கொண்டு என் கலையைக் கெடுத்தது. ஓர் ஊசிக்கு ஒரு லேபிள் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சீட்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின. வெள்ளிக்கிழமைகளில் சருகோடு சேர்ந்து எரிந்தன. இப்படிப் பல வருடங்கள்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் இந்த அம்மா அவரிடம் ஒப்படைத்த களக்குறிப்பு நோட்டுகளும், தலைவரின் சொந்தக் காகிதங்களோடு சேர்ந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டன. காலியான இடம் அருங்காட்சியகத்தின் தலைமை. அதுவரை அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. வராந்தாவில் மாட்டியிருந்த படங்கள் அத்தனையிலும் மீசையோ டையோ இரண்டுமோ இருந்தன. இந்த முறை அந்த அம்மாவுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார். நேர்காணலன்று காலையில் புடவை மடிப்பை மூன்று முறை சரிசெய்ததை நான் பார்த்தேன்.

தேர்வுக்குழுவில் ஐந்து பேர். ஓய்வு பெற்ற பிரிவுத் தலைவரும் அதில் ஒருவர். கேள்விகள் முடிந்து சேகரிப்பைப் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். குழுவில் மூத்தவர் ஓர் இழுப்பறையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் நீங்க புடிச்சதுன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. லேபிள்ல வேற பேருல்ல இருக்குது?"

"அது இங்கத்த வழக்கமுங்க சார். லேபிளுக்கு அடியில என்னோட பென்சில் சீட்டு இருக்குமுங்க. ஊசிய எடுத்துப் பாருங்க."

மூத்தவர் ஊசியை எடுத்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. மூன்றாவதை அந்த அம்மாவே எடுத்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு திரும்பி, தட்டைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டி என்னால் இன்றுவரை வர முடியவில்லை.

"லேபிள் எழுதுனது நீங்களா?" என்றார் மூத்தவர் என்னிடம். "அப்ப நீங்களே சொல்லுங்க. யார் புடிச்சது?"

ஒரு சொல் போதும். பக்கத்தில் பழைய தலைவர் நின்றார். என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு அவருடைய நண்பர்களிடம் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் வியர்க்காது, நகைச்சுவை வரும்.

"வண்டு வாயத் தொறந்தாத்தானுங்க தெரியும்" என்றேன்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. மூத்தவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையை மூடிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவருக்கு அந்தப் பதவி போயிற்று.

அதன் பிறகு மதிய வேளையில், ஆளில்லாத அந்தக் கூடத்தில் இழுப்பறையைத் திறந்தால் நாப்தலின் நெடியோடு அந்தச் சிரிப்பும் வெளியே வந்தது. வரிசை வரிசையாகச் செத்த வண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் என் எழுத்து. அவை வாய் திறக்கப் போகின்றன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுவதைக் கூட மனைவியிடம் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் அந்த அம்மாவிடம் போனேன். "மேடம், எல்லா லேபிளையும் உங்க பேர்ல மாத்தி எழுதிப்போடறேனுங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாமச் செஞ்சா, அப்பறம் பழைய தலைவருக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?" அவர் குரல் உயரவில்லை. "பழைய லேபிள் அப்படியே இருக்கட்டும். அடியில புதுசா ஒண்ணு மாட்டுங்க. யார் புடிச்சாங்க, அதச் சொல்றது யாரு, இன்னைக்குத் தேதி என்ன, மூணையும் எழுதுங்க. உங்க பேரு வருமுங்க. வேலைக்கு வினை வந்தாலும் வரும், யோசிச்சுக்கங்க. நெசமா நெனப்பு இருக்கற வண்டுக்கு மட்டும் எழுதுங்க."

யோசித்தேன். பயந்தேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு நினைவே இல்லை என்று. அத்தனை வருடமும் என் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன், வண்டைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் போராடி இருபத்துமூன்று வண்டுகளுக்கு எழுதினேன்.

அவர் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு சீட்டுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இந்த ரெண்டுக்கும் நீங்க கூட வரலீங்க."

"ஆனாப் புடிச்சது நீங்கதானுங்களே?"

"நாந்தான். நீங்க பாக்கலையே."

அடுத்த வாரம் அவர் வால்பாறைக்குக் கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து வண்டுகளைத் தானே ஊசியில் குத்தி, லேபிளையும் தானே எழுதினார். கோணல்மாணலான எழுத்து, மை வேறு இழுகியிருந்தது. பிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. புதுத் தலைவர் பார்த்துவிட்டு அப்படியே இழுப்பறையில் வைத்தார். அன்று மாலை மணி அடிக்கும் வரை எனக்கு வேலையே இல்லை.