பிறந்த வீட்டுப் பெயர்

ஜேர்மனியில் தொலைபேசியை எடுத்தால் 'ஹலோ' சொல்வது குறைவு. குடும்பப் பெயரைத்தான் சொல்வார்கள். பிராங்பேர்ட்டில் வீட்டுக்கு இணைப்பு எடுத்த கொஞ்ச நாளிலேயே நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. எடுத்துப் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் வயதான ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில், அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று கேட்டது. சொன்னேன்.

"நீ இங்கிலாந்துக்காரன் இல்லை" என்றார். அதில் கோபம் இல்லை. கையில் இருந்த ஏதோ ஒன்று நழுவிப் போனது போல இருந்தது அந்தக் குரல்.

எங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயர். அதுவும் ஆங்கிலேயரே அதிகம் கேள்விப்பட்டிராத பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. அதை வைத்திருப்பவர்கள் அவ்வளவு குறைவு, எழுதினால் ஆளைத் தேடிப் பிடித்துவிடலாம். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடங்கள் நடத்திய காலத்தில், அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுத்தால் அவருடைய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்களாம். என் பூட்டனாரின் தகப்பனுக்கு அப்படி வந்தது இது. பெயரைக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. பிறகு அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கி, நடு எழுத்து விழுங்கப்பட்டு, கடைசியில் ஓர் உகரமும் ஒட்டிக்கொண்டு, ஊரில் ஒரு தமிழ்ப் பெயர் போலவே ஆகிவிட்டிருந்தது.

ஜேர்மனியில் அது கொஞ்சம் சிதைந்தது. அகதி விண்ணப்பம் பதிந்த அன்று எழுதியவர் என் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும், குடும்பப் பெயரைச் சொந்தப் பெயராகவும் மாற்றி எழுதிவிட்டார். திருத்தக் கேட்டு அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். அது இருந்த பதிவுக் கந்தோர் சண்டையில் எரிந்துபோயிருந்தது. அதனால் இங்கே பிறந்த என் மகளுக்கு என் சொந்தப் பெயர்தான் குடும்பப் பெயர். தொலைபேசி இணைப்புக்கு மட்டும் நானே என் கையால் பெயரை எழுதிக் கொடுத்தேன். தொலைபேசிப் புத்தகத்தில்தான் அது சரியாக இருந்தது. அந்தப் புத்தகத்தில்தான் அந்த அம்மாவும் அதைக் கண்டிருக்கிறார்.

இங்கிலாந்துக்காரனோ இல்லையோ, வந்து பார்க்கலாமா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஆப்பிள் கேக்கோடு எஸ்-பான் ரயிலில் வந்து இறங்கினார். எழுபதை ஒட்டிய வயது. உயரமானவர்; மழைக்கோட்டைக் கழற்றும்போதே வீட்டை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, மகளின் தலையைத் தடவினார். தவுனுஸ் மலைப் பக்கம், எஸ்-பான் போய் நிற்கும் கடைசிச் சிற்றூரில் கணவனோடு வாழ்கிறவர். ஆங்கிலமும் ஜேர்மனும் கலந்துதான் பேசிக்கொண்டோம்.

அவர் பிறந்தது யோர்க்ஷயரில், செம்மறி ஆடு வளர்க்கும் ஒரு பள்ளத்தாக்கில். போர் முடிந்த பிறகு, பிடிபட்டிருந்த ஜேர்மன் சிப்பாய்களை அங்கே பண்ணை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை இவர் விரும்பினார். இவருடைய அண்ணன் அதே போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். தகப்பன் இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கை பெட்டியைத் தூக்கியபோது அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்.

"அவனுடைய பெயரை எடுத்துக்கொள், எங்களுடையதை இங்கே வைத்துவிட்டுப் போ என்றான்" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டத் தொடங்கினார். பிறகு அண்ணனும் தங்கையும் பேசவேயில்லை. தாய் இறந்த செய்திகூட மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வந்ததாம்.

கணவன் வேலையில் இருந்த காலத்திலிருந்தே, தபால் நிலையத்தில் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கும் தொலைபேசிப் புத்தகங்களை ஊர் ஊராகப் புரட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அண்ணனுக்கு ஒரு மகன் பிறந்து, வளர்ந்து, ஜேர்மனியில் இருந்த பிரித்தானியப் படைக்கோ, பிராங்பேர்ட் வங்கி ஒன்றுக்கோ வேலைக்கு வந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு. ஹம்பேர்க்கிலும் கொலோனிலும் மியூனிக்கிலும் அந்தப் பெயர் இல்லை. பிராங்பேர்ட் புத்தகத்தில் ஒரு வருடம் திடீரென்று ஒன்று வந்திருந்தது. அது நான்.

அன்று வெளிக்கிடும்போது அவர் என்னைப் பார்த்து, "பரவாயில்லை, பெயராவது வந்து சேர்ந்திருக்கிறது" என்றார். என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. படியில் அவர் இறங்கும் சத்தம் அடங்கியதும் "பாவம், அண்ணையைத் தேடி வந்து எங்களிட்ட அம்பிட்டுட்டா" என்றாள்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு தரமாவது வந்தார். மனைவி பொரிக்கும் ரோல்ஸுக்கு அவர் அடிமை. அவரை அன்ரி என்றே கூப்பிட்டோம். எங்கள் பெயர்க்காரர் வேறு யார், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கி விரல் போதாமல் நிறுத்துவேன். யாழ்ப்பாணத்தில் பெரியப்பாமார், சித்தப்பாமார், கொழும்பில் ஒரு வைத்தியர், டொரன்டோவில் ஐந்தாறு வீடு, சூரிச்சில் ஒன்று, லண்டனில் என் பெரியப்பாவின் மகன். "அப்படியென்றால் எங்கள் பள்ளத்தாக்கைவிட உங்கள் ஊரில்தான் இந்தப் பெயர் அதிகம்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில், உங்களில் ஒருவரும் ஒருவரையும் பெயரை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லையா என்று கேட்டார். எங்கள் குடும்பத்திலும் பேசாத அண்ணன் தம்பிமார் இருந்தார்கள். அதைச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததோ என்னவோ.

லண்டனில் இருந்த பெரியப்பாவின் மகனுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; எனக்கு அண்ணை. பெற்றோல் நிலையத்தில் வேலை. பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருந்தார். கேட்டதும் அவர் சொன்னது, "தம்பி, எனக்கு வாற கிழமை லீவு. நான் ஒருக்காப் போய்ப் பாக்கிறன்" என்பதுதான்.

யோர்க்ஷயர்த் தொலைபேசிப் புத்தகத்தில் எங்கள் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்ததாம். அன்ரியின் பள்ளத்தாக்குத்தான். அன்ரி சொன்ன பண்ணைக்கே நேராகக் காரை விட்டிருக்கிறார். கல்மதிலுக்கு நடுவில் ஒரு கேற். உள்ளே இருந்து கிழவர் ஒருவர் வந்து யார் என்று கேட்டார். அண்ணை பெயரைச் சொன்னார். கிழவர் நம்பவில்லை. சாரதி உரிமத்தைக் காட்டச் சொல்லி, உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, தேத்தண்ணி வைத்திருக்கிறேன், வா என்றாராம்.

இரண்டு மணித்தியாலம் இருந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பெயர் உண்மையில் ஓர் ஓடைக்கரையின் பெயர். அங்கே குடியிருந்தவர்களை அப்படி அழைக்கப்போய் அது குடும்பப் பெயராகியிருக்கிறது. ஒரு பகல் நடைத் தூரத்தைத் தாண்டி அது போனதில்லை. பல தலைமுறைக்கு முன்பு, தங்கள் வழிபாட்டுக்கு இடம் தேடிக் கப்பல் ஏறிய ஒரு குடும்பம்தான் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. எங்களுக்கு வந்தது அந்தக் கிளையிலிருந்தாக இருக்க வேண்டும் என்று கிழவரே சொன்னார். மிஞ்சியிருந்த ஆண்களில் பலர் முதலாம் உலகப் போரில் செத்துப்போனார்கள். பெண்கள் கலியாணம் கட்டி வேறு பெயருக்குப் போனார்கள். அன்ரியின் அண்ணனான இந்தக் கிழவர் கலியாணமே கட்டவில்லை. அன்ரி இத்தனை வருடமாகத் தேடிய அந்த மருமகன் பிறக்கவேயில்லை.

அண்ணை புறப்படும் நேரத்தில்தான் தங்கையைப் பற்றி எடுத்தார். கிழவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டாராம். பிறகு அந்த ஜேர்மன்காரன் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறார் என்றதும், "வருவதென்றால் வரட்டும். கேற்றை நான் பூட்டுவதில்லை" என்றார்.

இதை அன்ரியிடம் சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். அவர் அழவில்லை. தொலைபேசி இலக்கத்தை வாங்கிப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தார். அடுத்த முறை வந்தபோது புதுச் சப்பாத்து போட்டிருந்தார், மலைப்பாதைக்கு என்றார். ஈஸ்டருக்குப் போவதாகப் பேச்சு.

ஈஸ்டர் வந்தது. அவர் போகவில்லை. என்னோடுதான் போவேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

எனக்கு அந்த நாட்களில் பிராங்பேர்ட் இருக்கும் ஹெஸன் மாநிலத்துக்கு வெளியே காலடி வைக்க அனுமதியில்லை. கையில் இருந்தது துல்டுங். உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லும் கடதாசி. வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தது. விமான நிலையச் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி லண்டன் விமானத்துக்கு அனுப்புவதோடு என் பயணம் முடிந்தது. இதையெல்லாம் அன்ரிக்கு விளக்கினேன். லண்டன் விமான நிலையத்தில் அண்ணை வந்து கூட்டிப்போவார், என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அந்தக் கேற்றில் நான் தனியாக நின்றால் ஜேர்மன்காரனின் மனைவியாகத்தான் நிற்பேன்" என்றார் அவர். "உன்னோடு நின்றால் எங்கள் பெயரோடு நிற்பேன். உன் அண்ணனை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்."

தொலைபேசியிலாவது பேசலாமே என்று மனைவி தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தரம் இலக்கத்தைச் சுழற்றி, மணி அடிக்க முன்னமே வைத்துவிட்டதாக அன்ரி ஒத்துக்கொண்டார். அவருடைய கணவனும் எங்களோடு சேர்ந்து சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தச்சர். ஒரு காது கேளாது, பேச்சு குறைவு. தானும் வருவதாக, கேற்றுக்கு வெளியே காரிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். அன்ரி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இந்த வருடம் உனக்கு வழக்குத் தேதி, தெர்மின், வந்துவிடும், அதன் பிறகு போவோம் என்றார். தெர்மின் வந்தது. தள்ளிப்போனது. மறுபடி வந்து மறுபடி தள்ளிப்போனது. சப்பாத்து அவர் காலில் பழசாகிக்கொண்டு வந்தது.

அடுத்த ஆண்டு குளிர் முடிகிற நேரம், ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில், கிழவர் தொழுவத்தில் விழுந்து இறந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் யாருக்கு அறிவிப்பது என்று தேடியிருக்கிறார். தொலைபேசிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதியிருந்த இலக்கங்களில் அதே பெயரோடு இருந்தது லண்டன் அண்ணையின் இலக்கம் ஒன்றுதான். சொந்தக்காரர் என்று நினைத்து அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணை என்னைக் கூப்பிட்டார். நான் வேலை உடுப்போடேயே எஸ்-பானில் ஏறித் தவுனுஸுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் அன்ரி என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவீட்டுக்காவது போய் வாருங்கோ என்று நானும், அவருடைய கணவனும் எவ்வளவோ சொன்னோம். "உயிரோடு இருந்தவனிடம் போகாதவள் இனி எதற்கு?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

அண்ணை மட்டும் போனார். அன்று பின்னேரம் அன்ரியின் வீட்டில் இருந்துதான் அவரோடு பேசினேன். அன்ரி என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அண்ணை சொல்லச் சொல்ல நான் வசனம் வசனமாக ஜேர்மனில் சொன்னேன். சிறிய தேவாலயம். இருபது முப்பது பேர். மழை. பெட்டியைத் தூக்கியவர்கள் அயலவர்கள்.

"தம்பி, என்னைத்தான் முன்னுக்கு இருத்தினவை" என்றார் அண்ணை. "அது பெயர்க்காரருக்கு விடுற முன்வரிசை வாங்காம். வேற ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் இருந்தனான்."

அதையும் மொழிபெயர்த்தேன். அன்ரி கண்ணை மூடினார். அவன் பக்கத்தில் ஒருவராவது இருந்தார்களே என்றோ, அது நானாக இருந்திருக்க வேண்டும் என்றோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அண்ணைக்கு நன்றி சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

என் வழக்கு அதற்கு அடுத்த ஆண்டு தீர்ந்தது. பயணப் பத்திரம் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டுதான் அன்ரியைப் பார்க்கப் போனேன். அவர் அதைத் திறந்து படத்தைப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்றார். பயணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பண்ணை அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. பிறகும் அவர் வீட்டுக்கு வந்தார், மகளோடு விளையாடினார், ரோல்ஸ் சாப்பிட்டார். பெயரைப் பற்றிய கேள்விகள் மட்டும் நின்றுவிட்டன. நூற்றாண்டு முடிய ஒரு வருடம் இருக்கும்போது, நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து சில கிழமைக்குப் பிறகு அவருடைய கணவன் என்னைக் கூப்பிட்டார். கல்லறைக் கல்லில் மனைவியின் பெயருக்குக் கீழே பிறந்த வீட்டுப் பெயரையும் வெட்டுவது இங்கே வழக்கம். கல் செதுக்குபவரிடம் கூட வர முடியுமா என்று கேட்டார். போனேன். பட்டறையில் வைத்து, அந்தப் பெயரைச் சரியாக எப்படி எழுதுவதென்று தனக்குத் தெரியாது என்று மெல்லச் சொன்னார். கலியாணப் பதிவில் ஒரு தரம் பார்த்தது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பெயரை அவள் முன்னால் தான் எடுத்ததேயில்லை என்றார். நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கல் செதுக்குபவர் கடதாசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள் உறவா என்று கேட்டார். அன்ரியின் கணவன் முந்திக்கொண்டார்.

"ஆம், அவளுடைய பக்கம்" என்றார்.