நான் அடைத்த வடிகால் வாய்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டியபோது, இனிமேல் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே தெரு மொத்தமும் ஒரு காரியம் செய்தது. பாதாளச் சாக்கடை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று ஆளாளுக்குக் கழிவறைக் குழாயை வடிகாலில் கமுக்கமாக இணைத்துக்கொண்டோம். நானும்தான். "ஆழமா பொதைச்சுடுப்பா, வெளிய தெரியக்கூடாது" என்று கொத்தனார் பக்கத்திலேயே நின்று சொன்னவன் நான்.

பிறகு நாறாமல் என்ன செய்யும்? சாலையோரத்தில் தெரு முழுக்க மழைத்தண்ணீர் இறங்க விட்ட ஒரே ஓட்டை சரியாக என் வாசலுக்கு நேரே இருந்தது. வெயில் நாளில் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கார்ப்பரேஷனைத் திட்டினேன், கான்டிராக்டரைத் திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிமென்ட் சாக்கில் மண்ணை ரொப்பி, அந்த ஓட்டைக்குள் திணித்து, மேலே கலவையும் பூசிவிட்டேன். அன்றைக்கு இரண்டு தட்டு மீன்குழம்புச் சோறு சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

என் வீடு உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டதால், நான் தரையை மூன்றடி தூக்கிக் கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டில் அதற்கு வசதியில்லை. தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் காய்ந்தால் செயற்கைக் கால் மாட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொங்கலுக்குள் நடந்துவிடுவேன் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி மட்டும் படக்கூடாதாம் நைனா" என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார்.

ஐப்பசி மழை விடியற்காலையில் பிடித்தது. எட்டு மணிக்கெல்லாம் முழங்கால் தண்ணீர். பக்கத்துத் தெருவில் வடிந்துகொண்டிருந்தது, எங்கள் தெருவில் மட்டும் ஏறியது. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடப்பாரை மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்தது. இறங்கிப்போய் நாலு குத்து குத்தியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். ஆனால் எல்லாரும் வாசலில் நிற்கிறார்களே, நான்தான் அடைத்தேன் என்று தெரிந்துபோகுமே என்று டீ டம்ளரோடு நின்றேன். சீ, அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எதிர்வீட்டம்மா புருஷனை முதுகில் சுமந்துகொண்டு என் வீட்டைப் பார்த்து வந்தாள். நடுத்தெருவில் அவளுக்குக் கால் வழுக்கியது. அவருடைய கட்டுப்போட்ட கால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் முங்கி எழுந்தது. அப்புறம்தான் நான் ஓடினேன். தூக்கி வந்து கட்டிலில் போட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாங்காட்டி நாங்க எங்க போவோம் நைனா" என்றார். என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் துண்டு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கலவையை உடைத்துச் சாக்கை வெளியே இழுத்தார்கள். "எவன் பாத்த வேல இது?" என்று ஒருவர் கேட்டார். "எவனோ கலீஜ் புடிச்சவன்" என்று முந்திக்கொண்டு சொன்னதும் நான்தான்.

புண் சீழ் பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செயற்கைக் கால் பேச்சை டாக்டர் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார். அதைக் கேட்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மாற்றுத்துணி எடுக்க வந்த எதிர்வீட்டம்மாவை வாசலில் நிறுத்தி, "அந்தச் சாக்க வச்சது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்ண்ணே. நீங்க பூசிகினு இருக்கும்போது பாத்துகினேதான் போனேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"இன்னான்னு கேக்குறது? எங்க வூட்டு பைப்பும் அதுலதான கீது."

"தெரிஞ்சுமா எங்க வூட்டுக்கு வந்த?"

"இந்தத் தெருவுல வேற யார் வூடு ஒசரமா கீது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணிப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "மறுபடி மழன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரில வுட்டாங்கன்னா அவர நேரா இங்கதான் இட்டாரணும். அவராண்ட இத்த சொல்லிடாதீங்கண்ணே. சொன்னா வர மாட்டாரு."

பதினைந்து நாள் அவர் எங்கள் முன்னறையில் இருந்தார். தினமும் காலையில் காபியைக் கையில் வாங்கும்போது என்னை வாழ்த்தினார். நானும் தினமும் தலையாட்டினேன்.